நீலப் பட்டமும் அஞ்சு புளியங்கொட்டையும்

செல்வத்தின் தங்கைக்குக் கல்யாணம் என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஆவணியில் உங்க ஊர்ப் பக்கம் காற்று எப்படி?" என்பதுதான். பெண் என்ன படித்திருக்கிறாள், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. செல்வமும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "மலையில சும்மா பிச்சிக்கிட்டுப் போகும்ணே. எறங்கி நாலு மணி நேரம் பஸ்ல போனா கடலு" என்றான். அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

நாங்கள் இருவரும் துபாயில் லிஃப்ட் மாட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தோம். நான் நாகர்கோவில்காரன். அவன் இலங்கையில் பதுளைக்குப் பக்கத்திலுள்ள தெமோதரையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். வெள்ளிக்கிழமை தவறாமல் கடற்கரைக்குப் போய்விடுவோம். இடுப்பில் கட்டிய பெரிய பட்டம் இழுக்க, காலில் மாட்டிய பலகையோடு அலைமேல் ஓடும் விளையாட்டு எங்களுக்கு. நாலைந்து வருடமாக ஆடியதில் இருவருக்கும் நன்றாகவே கைவந்திருந்தது. தன்னடக்கம் எனக்குக் கொஞ்சம் கம்மி, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் கூட்டத்தில் யார் புதிதாக வந்தாலும் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்கிற ஆள் நான்தான்.

அது போர்நிறுத்தம் நடப்பில் இருந்த காலம். கிழக்குக் கடலோரத்துக்கு வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தார்கள். பொத்துவிலுக்குத் தெற்கே, கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைத்திட்டு இருப்பதாகவும், அதன்மேல் உடையும் அலை வாழ்நாளுக்கும் மறக்காது என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் தெமோதரையில் இறங்கினால் நடுவில் மூன்று நாள் கடலுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம்.

ரயிலில் எங்கள் பைகளைப் பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு சிங்கள அம்மா, உள்ளே என்ன வாத்தியம் இருக்கிறது என்று கேட்டார். செல்வம் சிங்களத்தில் "பட்டம்" என்றதும், இந்த வயதிலா என்பதுபோல எங்கள் தலைமுடியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து அவித்த சோளம் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார். தெமோதரையைத் தாண்டியதும் ரயில் மலையைச் சுற்றி வந்து, அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகும் என்றார்கள். நாங்கள் ஸ்டேஷனில் இறங்கி நின்று, வந்த ரயில் நம் காலுக்குக் கீழே மறைவதைப் பார்த்தோம். எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற அதே காற்று அங்கேயும் அடித்தது. ஆனால் இங்கே ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு, காய்ந்து போய் வந்தது. அந்தக் காய்ந்த காற்றில்தான் கொழுந்துக்கு வாசம் ஏறுமாம்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் மூன்று பேர். செல்வத்தின் அம்மா, கல்யாணப்பெண் மலர், மூத்த அக்கா பாக்கியம். அப்பா இறந்து ஆறு வருடம். வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்தில் இவர்கள் வீடு மூன்றாவது. அக்காவும் அவள் கணவரும் இருப்பது கடைசியில். சுடச்சுட ரொட்டியும், உரலில் இடித்த காரமான சம்பலும், சாயம் இறங்கிய வெறும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். நான்கு ரொட்டி தின்ற பிறகுதான் செல்வம் கடலைப் பற்றி வாயைத் திறந்தான்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம மாப்புள்ளைக்கு மால போட்டு பந்தலுக்குள்ள கூட்டியாரப்போறது யாரு? அப்பன் இல்லாத வீடு. ஒனக்குக் கையி காலு ஒடஞ்சுச்சுன்னா நான் யார நிறுத்துறது?"

"அம்மா, ஒன்னும் ஆகாது. அண்ணன் கூட வர்றாரு. அவருதான் எனக்கே கத்துக் குடுத்தவரு."

நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். தலைக்கவசம், நூல் சிக்கினால் அறுக்கக் கத்தி, இழுத்தால் பட்டம் விடுபடுகிற கொக்கி, கூடவே நிற்கும் மோட்டார் படகு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "முழுசா கொண்டுவந்து உங்க கையில ஒப்படைக்கிறது என் பொறுப்பும்மா" என்று வாக்கும் கொடுத்தேன்.  அம்மா மூத்த மகளிடம் திரும்பி, "பாக்கியம், நீயும் போ" என்றார். அவ்வளவுதான். எங்களுக்கு அக்கா காவல் என்று முடிவாகிவிட்டது.

பாக்கியம் அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. மறுநாள் காலை அங்கே போய்ப் பார்த்தேன். விட்டத்திலிருந்து பழைய சேலைகளில் கட்டிய தூளிகள் வரிசையாகத் தொங்கின. ஜன்னல் ஓரத்தில் இரண்டு டின்பால் டப்பாக்கள். ஒன்றில் புளியங்கொட்டைகள், மற்றது காலி. ஒரு தாய் வந்து குழந்தையை இறக்கிவிட்டதும், அக்கா குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு, ஒரு கொட்டையை எடுத்து அந்த டப்பாவிலிருந்து இந்த டப்பாவில் போட்டாள்.

"தூளிய எண்ணினாப் போதாதா அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்தாள். "நான் வந்த புதுசுல தூளியத்தான் எண்ணினேன் தம்பி. எல்லாத் தூளியும் கனமா தொங்குச்சு. சரி, எல்லாம் தூங்குதுன்னு இருந்துட்டேன். சாயங்காலம் பாத்தா, ஒரு தூளில நாலு வயசுப் பய ஏறிப் படுத்துருக்கான். அதுல இருந்த கைப்புள்ள தவழ்ந்து போயி வெறகுக்குப் பின்னாடி கெடந்து தூங்குது. அதுலேருந்து தலையத் தொட்டுத்தான் எண்ணுவேன். தூளிய நம்ப மாட்டேன்."

இதை ஒரு நல்ல தோட்டக் கதையாக மனதில் குறித்துக்கொண்டேன். எனக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

பிறகு பந்து விளையாடும் மைதானத்தில் பட்டங்களைப் பிரித்து, காற்றடித்துப் பார்த்தோம். பறக்கவிடவில்லை. மலைக்காற்று நினைத்தால் அறையும், நினைத்தால் சும்மா இருக்கும். அதில் பறக்கவிடுகிறவன் முட்டாள் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போதே செல்வத்தின் மஞ்சள் பட்டம் கை நழுவி, உருண்டு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக்குள் போய் விழுந்தது. வெட்டி மொட்டையாக விட்டிருந்த கிளைகள் ஒவ்வொன்றும் ஈட்டி. உள்ளே இருக்கும் காற்றுப்பையில் இரண்டு ஓட்டை.

அதை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினோம். கடைத்தெருவில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒரு பாய், நாலு ஆள் நீளமிருந்த காற்றுப்பையை வாங்கி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்த்தார்.

"இது எந்த வண்டிக்கு தம்பி?"

"வண்டி இல்ல பாய், பட்டத்துக்கு" என்றான் செல்வம்.

"பட்டத்துக்கே டியூப் போடுற காலம் வந்துட்டுதா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் அழகாக ஒட்டிக் கொடுத்தார். அந்த ஒட்டு இன்றுவரை விடவில்லை. பக்கத்துக் கடையில் பராட்டாவும், ஏலக்காய் மணக்க ஒரு துண்டு வட்டிலப்பமும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் இதைச் செய்யத் தெரியவில்லையே என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

புதன்கிழமை பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கும், அங்கிருந்து பொத்துவிலுக்கும் போனோம். முதல் பஸ்ஸில் பைகளை மேலே கட்டியிருந்தார்கள். ஒரு வளைவில் மரக்கிளை தட்டி ஒரு பை சரிந்து, பின்னால் இருந்தவரின் ஜன்னலை மூடிவிட்டது. அவர் மொனராகலை வரை இருட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது திட்டாமல், வெயில் படாமல் வந்ததற்கு நன்றி சொன்னார். மலை இறங்க இறங்க அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மொனராகலைக்குக் கீழே அவள் வந்ததே இல்லையாம். ஒவ்வொரு தடவை பஸ் மாறும்போதும் என் தலையையும் செல்வத்தின் தலையையும் பார்த்து, வெற்றிலைப் பைக்குள் எதையோ அறை மாற்றி வைத்தாள்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். காற்றடிக்கும் பம்பைப் பார்த்ததும் இளவயதுச் சிப்பாய் ஒருவருக்கு முகம் மாறியது. இது என்ன, எதற்கு, அடித்துக் காட்டு என்றார் சிங்களத்தில். ரோட்டோரத்தில் வைத்து என் சிவப்புப் பட்டத்துக்குக் காற்றடித்தேன். அது எழுந்து நிற்க நிற்க சிப்பாய்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் அந்த இளவயதுக்காரரே ஒரு முனையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஆள் பறப்பாரா?" என்று கேட்டார். "பறப்பார், திரும்பியும் வருவார்" என்றேன். செல்வம் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வியாழன் காலை கடற்கரையில் போய் நின்றோம். கரையை ஒட்டிப் பச்சையாக அமைதியான தண்ணீர். அதற்கு அப்பால் பாறைத்திட்டின்மேல் அலை எழுந்து, ஒரே மாதிரி, இடமிருந்து வலமாக உடைந்துகொண்டே போனது. ஆனால் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்துச் சாய்வாக அடித்தது. இந்த விளையாட்டில் இதைவிட ஆபத்தான காற்று கிடையாது. பட்டம் விழுந்தால் அது நம்மைக் கரைக்குத் தள்ளாது, வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். படகு இல்லாமல் அந்தக் காற்றில் இறங்குகிறவனுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை.

படகுக்கு நசீர் காக்காவைப் பிடித்தோம். பொத்துவில்காரர், மீன் பிடிப்பவர், வயதில் எங்களுக்கு மூத்தவர்; அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அதே பாறைக்கு ஒரு ஒல்லாந்துக்காரரும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் பட்டங்களோடு வந்திருந்தார்கள். நால்வரும் சேர்ந்துகொண்டோம். வழக்கம்போல நான் பாடம் எடுத்தேன். திட்டுக்கு நடுவே கறுப்பாகத் தெரிகிற ஆழமான வாய்க்கால் வழியாகத்தான் போகணும், வரணும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பாறைமேல் ஓடக் கூடாது. விழுந்தால் காலை ஊன்றாமல் மல்லாந்து மிதக்கணும். கடைசி ஆள் கரையேறும் வரை படகு கரைக்கு வரக் கூடாது. இந்தக் கடைசி விதியை இரண்டு தடவை சொன்னேன்.

"தூரத்துல ஆள அடையாளம் தெரியாது காக்கா, பட்டத்தோட கலரப் பாத்துக்குங்க" என்றும் சொன்னேன். என்னுடையது சிவப்பு, செல்வத்தினுடையது மஞ்சள், ஒல்லாந்துக்காரருடையது நீலம், அந்தப் பெண்ணுடையது வெள்ளை.

"அது நல்ல சுகம் தம்பி" என்றார் காக்கா. "செவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. நாலும் எண்ட கண்ணுக்குள்ள நிக்கும்."

அன்று முழுவதும் ஆடினோம். அந்த அலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு எங்கும் போகாது. ஏறி நிற்கும்போது காலுக்குக் கீழே பாறையின் மஞ்சளும் ஊதாவும் தெரியும். பட்டம் தோளைப் பிடித்து முன்னே இழுக்கும். பின்னால் அலை உடைகிற சத்தம் துரத்திக்கொண்டு வரும். பயம் உண்டு. ஆனால் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த பயம், அதனால் சந்தோஷம்தான் மிஞ்சியது. மாலையில் ஒல்லாந்துக்காரர் மட்டும் காற்றோடு கீழே ஓடி, வெகுதூரம் தள்ளி வேறொரு மணல்மேட்டில் கரையேறி, நடந்து வந்தார். இரவு நசீர் காக்கா வீட்டில் மீன் ஆணம் என்கிற குழம்பும் சோறும், அப்புறம் எருமைத் தயிரில் தித்திக்கும் பாணி ஊற்றிச் சாப்பிட்டோம். காக்காவின் மனைவியும் அக்காவும் அடுப்படியில் அரை மணி நேரத்துக்குள் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காற்று சீக்கிரமே ஏறியது. நாங்கள் தண்ணீரில் இறங்கும்போது அக்கா மணலில் நின்று நான்கு பேரின் தலையையும், படகில் ஏறிய காக்காவின் தலையையும் பார்த்து, வெற்றிலைப் பைக்குள் ஐந்து கொட்டையை அறை மாற்றினாள். பிரெஞ்சுப் பெண்ணை மட்டும் கூப்பிட்டு, தலைக்கவசத்தின்மேல் தொட்டாள். பிறகு பகலுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிக் காக்கா வீட்டுக்குப் போனாள்.

பதினொரு மணி வாக்கில் காற்று இன்னும் பலத்தது. நான் திட்டுக்கு அப்பால் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் பட்டத்தைக் காணவில்லை. கரையில் பார்த்தேன். மஞ்சள் பட்டம் மணலில் கவிழ்ந்து, மேலே மண் அள்ளிப்போட்டு அழகாகக் கிடந்தது. பெரிய பட்டம் இந்தக் காற்றுக்கு அதிகம், பயல் புத்திசாலித்தனமாக இறங்கிவிட்டான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். நீலம் வடக்கே தூரத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் வற்ற ஆரம்பித்தது. பாறையின் முதுகு அங்கங்கே நீட்டிக்கொண்டு தெரிந்தது. போதும் என்று நானும் வெள்ளைப் பட்டமும் வாய்க்கால் வழியாகத் திரும்பினோம். நீலம் இப்போது கண்ணில் படவில்லை. ஒல்லாந்துக்காரர் நேற்று மாதிரியே கீழே போய்க் கரையேறியிருப்பார், நடந்து வருவார் என்று எடுத்துக்கொண்டேன். காக்காவுக்குக் கையைத் தலைக்குமேல் வட்டமாகக் காட்டினேன். எல்லாம் முடிந்தது, வரலாம் என்று அர்த்தம். காக்கா படகைக் கரைக்கு ஓட்டினார். நான் இரண்டு தடவை சொன்ன விதியை நானே மீறியது இப்படித்தான். அப்போது மீறியதாகவே தெரியவில்லை.

அக்கா ரொட்டிக் கூடையோடு வந்தாள். வாழை இலைகளை மணலில் விரித்தாள். பிறகு வெற்றிலைப் பையைத் திறந்து, எங்கள் தலைகளோடு சரிபார்த்தாள்.

"தம்பி, ரெண்டு தல கொறையுது."

"ஒல்லாந்துக்காரர் நடந்து வந்துட்டிருப்பார் அக்கா. செல்வம் எங்கயாவது நிழல்ல படுத்திருப்பான்."

"பாத்தீங்களா?"

"பட்டம் இங்கதானே கிடக்கு" என்று மஞ்சளைக் காட்டினேன்.

அக்கா பட்டத்தைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "தூளி வந்துருச்சு தம்பி. புள்ள எங்க?"

எனக்குக் கோபம் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து வருட அனுபவம் உள்ளவனிடம், இரண்டு நாள் முன்பு வரை கடலையே பார்க்காத ஒருத்தி கேள்வி கேட்கிறாளே என்ற கோபம். பட்டம் இல்லாமல் அந்தத் திட்டில் ஒருவனும் இருக்க முடியாது என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தேன். அந்த விளக்கத்துக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் காற்று ஒரு ஆளை எவ்வளவு தூரம் தள்ளும் என்று இன்றும் கணக்குப் போடுகிறேன்.

தாழம்புதருக்குப் பின்னாலிருந்து ஒல்லாந்துக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். பாதத்தில் கட்டு. பாறையில் காலை ஊன்றிவிட்டாராம். விடுதிக்குப் போய்க் கழுவிக் கட்டிக்கொண்டு வருகிறார். கையில் பட்டம் இல்லை.

"உன் பட்டம் எங்கே?" என்று கேட்டேன்.

"செல்வத்திடம் கொடுத்தேன். அவனுடையது இந்தக் காற்றுக்குப் பெரிதாக இருந்தது. நான்தான் பிடித்துப் பறக்கவிட்டேன். உனக்குக் கைகாட்டினானே, பார்க்கவில்லையா?"

பார்க்கவில்லை. அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் திறமையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். நீலப் பட்டத்தைக் கடைசியாகப் பார்த்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது காணாமல் போனபோது படகைக் கரைக்கு அழைத்தவனும் நான்தான்.  பந்தலும், மாலையும், அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

அக்கா, படகைத் தள்ள ஓடிய என் தலையிலும் காக்காவின் தோளிலும் ஒரு தடவை கை வைத்தாள். "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

படகில் ஏறியதும் எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்தது. பாறையைச் சுற்றித் தேடுவது வீண். கடைசியாக நீலத்தைப் பார்த்த இடத்துக்குப் போய், அங்கிருந்து காற்று எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தக் கோட்டிலேயே போகவேண்டும். காக்காவிடம் அதைச் சொன்னேன்.

"ஓம் தம்பி. கச்சான் காத்து, வடகிழக்கால தள்ளும்" என்றார். "நீங்க எழும்பி நிண்டு பாருங்க. நான் ஓட்டுறன். ஒண்டும் நடந்திருக்காது."

முதலில் ஒரு நீலம் தெரிந்தது. காக்காவின் தோளைத் தட்டிக் கைகாட்டினேன். கிட்டப் போனால் பிளாஸ்டிக் பீப்பாய். மறுபடி அந்தக் கோட்டுக்கே வந்தோம். கரை ஒரு கோடாக ஒடுங்கிவிட்டது. பின்னால் ஊவா மலைகள் மங்கலாக நின்றன. அங்கே கொழுந்துக்கு வாசம் ஏற்றுகிற காற்று இங்கே ஒருவனைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. செல்வத்துக்குத் தெரியும், அவனுக்கு எல்லாம் தெரியும், பதறமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பது அப்போது ஒரு பெரிய ஆறுதலாக இல்லை.

காக்காதான் முதலில் கண்டார். "அந்தா!"

அலை ஏறும்போது நீலம் தெரிந்தது, இறங்கும்போது மறைந்தது. செல்வம் பட்டத்தைக் கவிழ்த்து, நூலையெல்லாம் ஒழுங்காகச் சுற்றிக் கட்டி, அதன்மேல் மல்லாந்து கிடந்தான். பலகையைக் காலால் இடுக்கியிருந்தான். கற்றுக்கொடுத்ததில் ஒன்றைக்கூட விடவில்லை. பாறை முனையில் பட்டு ஒரு நூல் அறுந்துவிட்டதாம். பட்டம் விழுந்ததும் படகைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறான். படகு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறது.

"என்னாண்ணே, இம்புட்டு நேரம்?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். முழங்காலில் இரண்டு சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. அவனைத் தூக்கிப் படகில் போட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். காக்கா எங்களைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"தப்பு என்னோடதுடா. கலர எண்ணிட்டேன்" என்றேன்.

"எனக்கும் தோணல அண்ணே. பட்டத்த மாத்துனா ஒங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருக்கணும்."

கரையில் அக்கா இடுப்பளவு தண்ணீருக்குள் நின்றிருந்தாள். செல்வம் குதித்து அவள் பக்கம் போனதும், ஈரத் தலையில் கையை வைத்து அழுத்தினாள். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். அவனை மணலில் உட்கார வைத்துவிட்டு, வெற்றிலைப் பைக்குள் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு ஒன்றை மாற்றினாள். காக்கா நங்கூரத்தோடு இறங்கியதும் இன்னொன்றை மாற்றினாள். நான் மட்டும் இறங்கவில்லை. படகின் விளிம்பிலேயே உட்கார்ந்து, பிரெஞ்சுப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா படகுக்கு அருகே வந்து நின்றாள்.

"எறங்குங்க தம்பி. இன்னும் ஒன்னு பாக்கியிருக்கு."

அது யார் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. இறங்கி மணலில் கால் வைத்தேன். என் தலையைத் தொட்டுவிட்டு, கடைசிக் கொட்டையை மாற்றினாள். தேடப் போனவன் நான், மீட்டு வந்தவன் நான் என்று கொஞ்சம் நிமிர்ந்திருந்த மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அவள் கணக்கில் நானும் கடலுக்குள் போன ஒரு பிள்ளைதான். ஆறிப்போன ரொட்டியை அன்றைக்குத் தின்ற மாதிரி நான் எதையும் ருசித்துத் தின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலுக்கு முன்னால் பந்தல். செல்வம் பட்டுவேட்டி கட்டி, முழங்கால் சிராய்ப்பு எரிய எரிய நடந்து போய், மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வந்தான். தாலி கட்டும்போது மலர் அழுதாள், செல்வம் அவளைவிட அதிகமாக அழுதான். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற அம்மா, நாலு பேர் கேட்கச் சொன்னார்: "ஒங்கள நம்பித்தான் அனுப்புனேன் தம்பி. சொன்ன மாதிரியே முழுசா கூட்டியாந்துட்டீங்க."

அக்கா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிரே சாம்பார் வாளியோடு நின்றவள் என்னைப் பார்த்துக் கண்ணால் 'விடுங்க' என்றாள். என்னால் விட முடியவில்லை.

"கூட்டிட்டு வந்தது நான் இல்லம்மா. இவங்கதான். நான் எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லிப் படகக் கூப்பிட்டுட்டேன். அக்கா எண்ணினதாலதான் செல்வம் இங்க நிக்கிறான்."

அம்மா மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கை தானாகப் போய்ச் செல்வத்தின் தலையைத் தொட்டது. பிறகு என் இலையைப் பார்த்து, "பாக்கியம், தம்பிக்குச் சோறு வையி" என்றார். 

செல்வம் லீவு முடியும் வரை அங்கேயே இருந்தான். நான் திங்கட்கிழமை தெமோதரையில் ரயிலேறினேன். அக்கா ஸ்டேஷனுக்கு வந்து, வழிக்கு ரொட்டிப் பொட்டலம் கொடுத்தாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். வண்டி நகர்ந்ததும் வெற்றிலைப் பையைத் திறந்தாள். வளைவில் திரும்பும் முன் எட்டிப் பார்த்தேன். மேடையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையே துபாய்க் கடலில் இறங்கிவிட்டேன். பயந்து ஒதுங்குகிற ஆள் நான் இல்லை. காற்று நன்றாக இருந்தது, நன்றாகவே ஆடினேன். பாடமும் எடுத்தேன், புது விதி ஒன்றோடு. பட்டத்தை எண்ணாதே, தலையைத் தொட்டு எண்ணு என்று சொன்னபோது ஒரு இங்கிலாந்துக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று அவன் தலையைத் தொட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குள் அனுப்பினேன்.

அன்று மாலை தெமோதரையில் லயத்துக்குப் பக்கத்திலிருந்த கடைக்குப் போன் போட்டேன். துபாய் வந்து சேர்ந்ததும் பண்ணியிருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் நாலு நாள் தள்ளிப்போய்விட்டது. செல்வத்தைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"அண்ணே, மொதல்ல ஒன்னு சொல்லுங்க. போயிச் சேந்துட்டீங்கதானே? நாலு நாளா அக்கா கேட்டுக்கிட்டே இருக்கு. பையில ஒரு கொட்ட இன்னும் வெளிய கெடக்காம்."

"சேர்ந்துட்டேன்னு சொல்லு" என்றேன்.

அவன் திரும்பிக் கூவியது கேட்டது. தூரத்தில் ஒரு குரல் ஏதோ பதில் சொன்னது.

"மாத்திட்டேங்குது அண்ணே."